'டெட் கே' படம் பார்த்தவர்கள் ஏன் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை?

கேள்வி இது: "யூனாபாம்பர் என்று அறியப்பட்ட டெட் காசின்ஸ்கியைப் பற்றிய 'டெட் கே' படத்தை நண்பர்களோடு பார்த்தேன். ஒருவர், 'கொலைகாரனைத் துறவியாக்கிவிட்டார்கள்' என்று கோபப்பட்டார். இன்னொருவர், 'அவர் அன்று சொன்னதுதான் இன்று நடக்கிறது' என்றார். மூன்றாமவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஒரே படத்துக்கு எப்படி இத்தனை விதமான எதிர்வினை? இவர்களில் யார் சொல்வது சரி?"

எழுந்து போனவரை விட்டுவிடுவோம். பொறுமை அவரவர் சொத்து. மற்ற இருவரின் சண்டைக்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. காசின்ஸ்கி இரண்டு வகை எழுத்துகளை விட்டுச் சென்றார். ஒன்று ஊர் படிப்பதற்காகத் தொழில்நுட்பத்தைச் சாடி எழுதிய அறிக்கை. இன்னொன்று யாரும் படிக்கக் கூடாது என்று எழுதிய நாட்குறிப்பு. உங்கள் நண்பர்கள் இருவரும் அறிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அதை நம்புகிறார், ஒருவர் அஞ்சுகிறார். படமோ நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் படத்தைச் சுற்றி எழும் வாதங்களில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சில தகவல்கள். தியோடர் ஜான் காசின்ஸ்கி 1942-இல் சிகாகோவில் பிறந்தவர். 16 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, 25 வயதில் பெர்க்லியில் உதவிப் பேராசிரியர் ஆனார். இரண்டே ஆண்டுகளில் அந்த வேலையை உதறினார். 1971 முதல் மொன்டானா மாநிலத்தில், லிங்கன் என்ற சிற்றூருக்கு வெளியே, பத்தடிக்குப் பன்னிரண்டடி மரக்குடிசையில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் வாழ்ந்தார். அங்கிருந்துகொண்டே 1978 முதல் 1995 வரை 16 குண்டுகளை அஞ்சலில் அனுப்பியோ நேரில் கொண்டுபோய் வைத்தோ மூன்று பேரைக் கொன்றார். 23 பேரைக் காயப்படுத்தினார். தொடக்க கால இலக்குகள் பல்கலைக்கழகங்களும் விமான நிறுவனங்களும் என்பதால் எஃப்.பி.ஐ. அந்த வழக்குக்கு வைத்த குறிப்புப் பெயரிலிருந்துதான் யூனாபாம்பர் என்பது வந்தது. 35,000 சொற்கள் கொண்ட தன் அறிக்கையை வெளியிட்டால் கொலைகளை நிறுத்துவதாக அவர் சொல்ல, 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் அதை அச்சிட்டது. தம்பி டேவிட்டும் அவருடைய மனைவி லிண்டாவும் எழுத்து நடையை வைத்து ஆளைக் கண்டுகொண்டார்கள். 1996 ஏப்ரல் 3 அன்று கைது. பிறகு பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2023 ஜூன் 10 அன்று, 81 வயதில், சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

டோனி ஸ்டோன் இயக்கிய 'டெட் கே' 2021 பெர்லின் திரைப்பட விழாவின் பனோரமா பிரிவில் இடம்பெற்றது. அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. காசின்ஸ்கியாக நடித்திருப்பவர் தென்னாப்பிரிக்க நடிகர் ஷார்ல்டோ காப்ளி. அசல் குடிசையை எஃப்.பி.ஐ. பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டதால், அது நின்ற லிங்கன் நிலத்திலேயே அதே அளவில் இன்னொன்றைக் கட்டிப் படம் பிடித்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் நடித்திருக்கிறார்கள். பருவங்கள் மாறும் வரை காத்திருந்து எடுத்தது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது: பனி, உருகும் பனி, சேறு, பச்சை, மறுபடி பனி.

படத்தை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் ஒப்புக்கொள்ளும் விஷயம் அதன் ஒலி. தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பனிவெளியில் ஒரு பணக்காரக் குடும்பம் ஸ்னோமொபைல்களில் சீறிக்கொண்டு போகிறது. இரைச்சல் திரையைக் கிழிக்கிறது. கொஞ்ச நேரத்தில் காசின்ஸ்கி அவர்களுடைய வீட்டுக்குள் புகுந்து, அந்த வண்டிகளைக் கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார். நேர்மையாகச் சொன்னால் அந்த வெட்டு விழும்போது நமக்குள் ஒரு நிம்மதி பரவுகிறது. ஆடி மாதத்து அதிகாலையில் தெருமுனை ஒலிபெருக்கி அலறும்போது, எழுந்துபோய் அந்தக் கம்பியை அறுத்துவிடலாமா என்று ஒருமுறையாவது நினைக்காதவர் நம்மில் குறைவு. இயக்குநருக்கு இது தெரியும். மோட்டார் ரம்பம், தலைக்கு மேல் ஜெட் விமானம், ஹெலிகாப்டர், மரம் வெட்டும் இயந்திரங்கள் என்று ஒவ்வொரு சத்தத்தையும் இயல்பைவிட ஒரு படி கூட்டி வைத்திருக்கிறார். பிளாங்க் மாஸ் என்ற பெயரில் இயங்கும் பெஞ்சமின் ஜான் பவரின் மின்னிசை அந்த இரைச்சலோடு கலந்து, எது காட்டின் சத்தம், எது அவருடைய மண்டைக்குள் கேட்கும் சத்தம் என்று பிரிக்க முடியாதபடி செய்கிறது.

'துறவியாக்கிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு பிறக்கும் இடம் இதுதான். அதில் நியாயம் உண்டு. ஒருவருடைய காதுகளை இரண்டு மணி நேரம் நமக்கு மாட்டிவிட்டால் அவருடைய எரிச்சல் நம்முடைய எரிச்சலாகிவிடும். காட்டின் அழகு வேறு சேர்ந்துகொள்கிறது. அழகான நிலத்தில் தனியாக நடந்துபோகும் தாடிக்காரரைப் பார்த்தால் ஞானி என்று நினைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. படம் அந்தப் பழக்கத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறது.

ஆனால் அதே நேரத்தில் வாய் என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டும். பின்னணிக் குரலில் வருவது அறிக்கையின் மேடைப்பேச்சு நடை குறைவு. நாட்குறிப்பின் முணுமுணுப்புதான் கூடுதல். அங்கே மனிதகுலம் இல்லை, எதிர்காலம் இல்லை. யார் என்னை அவமதித்தார்கள், யார் என் தூக்கத்தைக் கெடுத்தார்கள், யாரை எப்படிப் பழிவாங்குவது என்பதுதான் இருக்கிறது. இது இயக்குநரின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். தான் மனிதகுலத்தின் நன்மைக்காகச் செயல்படுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பழிவாங்கும் ஆசையால் மட்டுமே செயல்படுகிறேன் என்று காசின்ஸ்கி 1971-லேயே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முதல் குண்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, அறிக்கைக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய வரி அது.

"அவர் சொன்னது சரி" என்னும் உங்கள் இரண்டாவது நண்பருக்கு இந்த வரியைத்தான் காட்டுவேன். அவருடைய தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. குடிசையிலிருந்து இரண்டு நாள் நடைத் தொலைவில் காசின்ஸ்கிக்குப் பிடித்தமான ஒரு மேட்டுநிலம் இருந்தது; அருவியும் பள்ளத்தாக்குமாக மனித நடமாட்டமே இல்லாத இடம். 1983 கோடையில் அங்கே போனபோது அதன் நடுவே சாலை போட்டிருந்தார்கள். மனம் உடைந்துபோய், அன்றுதான் தொழில்நுட்பச் சமூக அமைப்பைத் திருப்பி அடிப்பது என்று முடிவெடுத்தார். சிறையிலிருந்து கொடுத்த நேர்காணலில் அவரே சொன்ன கதை. கேட்பவர் மனம் இளகாமல் இருக்காது. ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். 1983 கோடைக்கு முன்பே ஏழு குண்டுகளை அவர் வைத்தோ அனுப்பியோ முடித்திருந்தார். அவற்றில் ஒன்று 1979 நவம்பரில் பயணிகள் நிறைந்த விமானத்தின் சரக்கு அறையில் புகைந்தது. சரியாக வேலை செய்திருந்தால் விமானமே விழுந்திருக்கும். சாலை போட்டதால் வெடித்த மனிதர் என்ற சித்திரம் அவர் பிறகு உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே வரைந்தது.

அறிக்கையின் பெயரால் அவரை ஆதரிப்பவர்கள் பலர் அந்த அறிக்கையையும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். "தொழிற்புரட்சியும் அதன் விளைவுகளும் மனித இனத்துக்குப் பேரழிவு" என்று தொடங்கும் முதல் வரி எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டிய உடனே வருவது காடும் ஆறும் அல்ல. இடதுசாரிகளின் மனநிலை பற்றிய நீண்ட வசை. சூழலியலாளர் என்று அவரைக் கொண்டாடுபவர்கள் அந்தப் பக்கங்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாமல் படித்தவர் ஒருவர் உண்டு. 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்ற தீவிர வலதுசாரி, அந்தப் பகுதிகளைச் சில சொற்களை மட்டும் மாற்றித் தன்னுடைய அறிக்கையில் ஒட்டிக்கொண்டார்.

இதனால் அறிக்கையில் சிந்திக்க வேண்டியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொழில்நுட்பம் முதலில் விருப்பத்தேர்வாக வந்து பிறகு கட்டாயமாகிவிடுகிறது என்பதைக் காரை உதாரணம் காட்டி அவர் எழுதியிருக்கும் இடம் உண்மையிலேயே கூர்மையானது. நடந்தே போய்க்கொண்டிருந்தவனுக்குக் கார் வசதியாக வந்தது. பிறகு ஊர்களே காருக்கு ஏற்ப அமைந்துவிட, கார் இல்லாதவன் வேலைக்குப் போக முடியாமல் ஆனான். இன்று கைபேசி இல்லாமல் ஒரு டிக்கெட் எடுப்பதே பாடாக இருக்கும்போது அந்தப் பத்தி உறைக்கத்தான் செய்யும். ஆனால் தொழில்நுட்ப விமர்சனத்தில் அவர் முதல் ஆளும் இல்லை, சிறந்த ஆளும் இல்லை. அவருக்கு முன்பே இதை விரிவாக, யாரையும் கொல்லாமல், எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் படித்துத்தான் அவரே கற்றார். பத்திரிகை அவர் எழுத்தை அச்சிட்டதற்குக் காரணம் குண்டு.

இந்த ஆதரவாளர் கூட்டம் படத்தால் உருவானது என்பதும் தவறு. 1996-இல், அவர் கைதான ஆண்டிலேயே, அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் அவர் பெயரை எழுதி வாக்களியுங்கள் என்று ஒரு பிரச்சாரம் பாதி கேலியாகவும் பாதி உண்மையாகவும் நடந்தது. இன்று இணையத்தில் இளைஞர்கள் அவரை 'மாமா' என்று செல்லமாக அழைத்து நகைச்சுவைப் படங்கள் பரப்புகிறார்கள்.

இப்போது படத்தின் மீதான மிகக் கனமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: பலியானவர்கள் எங்கே? கேமரா காசின்ஸ்கியை விட்டு அகல்வதே இல்லை. குண்டு அவர் கையை விட்டுப் போனதும் அதன் பயணத்தைப் படம் பெரும்பாலும் பின்தொடர்வதில்லை. இதை முறையாகத் திட்டமிட்ட தேர்வு என்று பாராட்டியவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு அந்த மனிதர்கள் செய்தித்தாள் வரிகளாக மட்டுமே இருந்தார்கள், ஆகவே நமக்கும் அப்படியே இருக்கட்டும், அந்தக் கொடூரத்தை நாமே உணர்வோம் என்பது வாதம்.

வாதம் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் பார்வையாளர் ஏற்கெனவே அந்த மனிதர்களை அறிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹியூ ஸ்க்ரட்டன், வயது 38, சாக்ரமென்டோவில் கணினிகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர். 1985 டிசம்பர் 11 அன்று கடைக்குப் பின்னால் வாகன நிறுத்துமிடத்தில் ஆணிகள் துருத்திய கட்டை போல் கிடந்ததைக் குனிந்து எடுத்தார். தாமஸ் மோசர் விளம்பரத் தொடர்புத் துறை அதிகாரி. 1994 டிசம்பரில் நியூ ஜெர்சியில் தன் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தார். கில்பர்ட் மர்ரி கலிபோர்னியா வனத்தொழில் சங்கத்தின் தலைவர். 1995 ஏப்ரலில் அவர் பிரித்த பொட்டலத்தில் அவர் பெயரே இல்லை. அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவரின் பெயர் இருந்தது. அமைப்பை எதிர்த்து நடந்ததாகச் சொல்லப்படும் போரின் குறி பார்க்கும் லட்சணம் இப்படி இருந்தது.

ஸ்க்ரட்டன் இறந்த பிறகு காசின்ஸ்கி எண்களால் ஆன ரகசியக் குறியீட்டில் எழுதி வைத்த குறிப்பு பின்னாளில் வெளிவந்தது. அருமை, ஆளை ஒழிக்க மனிதாபிமானமான வழி, அநேகமாக அவனுக்கு எதுவுமே உணர்ந்திருக்காது என்கிறது அது. தன்னைப் பிடித்துக் கொடுத்தால் 25,000 டாலர் பரிசு என்று அறிவித்திருப்பது கொஞ்சம் பெருமையாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் சோதனைக்கு எண் போடுவதைப் போல அந்தக் குண்டுக்கும் ஒரு சோதனை எண் கொடுத்திருந்தார். தொழில்நுட்பத்தை வெறுத்தவருக்கு ஆய்வக நோட்டின் ஒழுங்கு மட்டும் கடைசி வரை பிடித்திருந்தது.

ஆகவே என் கருத்து: படம் அவரைப் புகழவில்லை, ஆனால் பலியானவர்கள் விஷயத்தில் பார்வையாளரின் முன்னறிவை அளவுக்கு மீறி நம்பியது. உங்கள் முதல் நண்பரின் கோபத்தில் அந்த அளவுக்கு எனக்கும் பங்கு உண்டு. மூன்று பெயர்களைத் திரையில் சில நொடிகள் கூடுதலாக நிறுத்தியிருந்தால் படத்தின் வடிவம் ஒன்றும் கெட்டிருக்காது.

இன்னொரு எதிர்வினை உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சிரிப்பு. இந்தப் படத்தில் சிரிப்பு வரும் இடங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, இயந்திரம் விழுங்கிய சில்லறைக்காகக் காசின்ஸ்கி தொலைபேசி நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்கிறார். தொழில்நாகரிகத்தை வேரோடு சாய்க்கக் கிளம்பியவர், நாணயத்துக்காக மூச்சு வாங்கக் கத்துகிறார். அம்மாவையும் தம்பியையும் அழைத்துப் பணம் கேட்கிறார். கேட்கும் அதே வாயால் அவர்களைத் திட்டுகிறார். மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, பெண் மேலாளர் சொல்வதைக் கேட்க முடியாது என்று தகராறு செய்கிறார். காப்ளியின் நடிப்பு உச்சம் தொடுவது இந்தச் சிறுமைகளில்தான். குரல் மெல்லியதாக, மூக்கால், ஒவ்வொரு சொல்லையும் வழக்கறிஞர் போல் அடுக்கிக்கொண்டே வந்து திடீரென்று உடைகிறது. முகத்தில் அறிவாளியின் பெருமையும் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட சிறுவனின் வீம்பும் ஒன்றாக நிற்கின்றன.

இந்தக் காட்சிகளில் சிரித்தவர்கள், படம் அவரைப் புகழ்கிறது என்று சொல்வதைக் கேட்டதில்லை. சிரிக்காதவர்களே அப்படிச் சொல்கிறார்கள்; ஆதரவாளர்களும் இந்தக் காட்சிகளைத்தான் விரும்புவதில்லை. வில்லன் என்று கூப்பிட்டால் அவர்களுக்குக் கோபம் வராது, ஏனென்றால் அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அற்பத்தனமான சண்டைக்காரர் என்று காட்டினால் பொறுக்காது. தன் கடிதங்களில் எப்போதும் 'நாங்கள்' என்று எழுதி, ஓர் இயக்கமே பின்னால் இருப்பது போல இரண்டெழுத்துக் கையொப்பம் போட்டவர் அவர். இயக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை. குடிசைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு மனிதர். படம் அந்த 'நாங்கள்' என்பதைத் தொலைபேசிக் கூண்டில் நிற்க வைத்துக் காட்டுகிறது.

பலருக்குப் பிடிக்காத, எனக்கும் பிடிக்காத ஒன்று, அந்தக் கற்பனைப் பெண். தனிமையைக் காட்ட அவருடைய மனத்தில் தோன்றும் காதலியாக ஒரு பாத்திரத்தைச் சேர்த்திருக்கிறார்கள். காசின்ஸ்கியின் வாழ்க்கையில் பெண்களோடு நெருக்கமே அமையவில்லை என்பதும் அது அவரை வாட்டியது என்பதும் உண்மை. அதைக் காப்ளியின் கண்களே சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொரு உருவத்தைக் கொண்டுவந்து விளக்கியிருக்க வேண்டாம். மற்ற இடங்களில் ஆவணம் போல இறுகி நிற்கும் படம் இங்கே மட்டும் தளர்கிறது.

"ஹார்வர்டு ஏன் இல்லை?" என்பது இன்னொரு கேள்வி. மாணவராக இருந்தபோது உளவியல் பேராசிரியர் ஹென்றி மர்ரி நடத்திய ஓர் ஆய்வில் காசின்ஸ்கி பல ஆண்டுகள் பங்கேற்றார். மாணவர்களின் நம்பிக்கைகளை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அவற்றை வைத்தே அவர்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசி, எப்படி எதிர்வினை புரிகிறார்கள் என்று பதிவு செய்த ஆய்வு அது. இன்றைய அறநெறிக்கு அது சகிக்க முடியாதது. இதுதான் அவரைக் குண்டு வைப்பவராக்கியது என்ற விளக்கம் பரவலாகப் பேசப்படுகிறது. பலரும் படத்தில் அதைத் தேடி ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இருந்த மற்ற மாணவர்கள் யாரும் குண்டு செய்யவில்லை. அந்த அனுபவம் தன் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று காசின்ஸ்கியே சொல்லியிருக்கிறார். படம் இளமைப்பருவத்தையே விட்டுவிட்டதை நான் குறையாகப் பார்க்கவில்லை. முதல் அரைமணி நேரத்தில் சிறுவயதுக் காயத்தைக் காட்டிவிட்டால் மீதிப் படம் முழுவதும் பார்வையாளர் மன்னித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கொலைகாரரைத் துறவியாக்குவதற்கு அதுவே மிகச் சுலபமான வழி. இயக்குநர் அந்த வழியில் போகவில்லை என்பதை முதல் நண்பரிடம் சொல்லுங்கள்.

மனநோயா என்ற கேள்வியையும் படம் அவிழ்க்க முயல்வதில்லை. நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட மனநல மருத்துவர் சித்தப்பிரமையோடு கூடிய மனச்சிதைவு என்றார், அதே சமயம் வழக்கை எதிர்கொள்ளும் தகுதி உண்டு என்றும் சொன்னார். மனநோயைக் காட்டி உயிரைக் காப்பாற்ற வழக்கறிஞர்கள் முயன்றார்கள். காசின்ஸ்கி அதை ஏற்கவே இல்லை. பைத்தியம் என்று தீர்ப்பாகிவிட்டால் தன் எழுத்து முழுவதும் பைத்தியத்தின் உளறலாகிவிடும் என்பது அவர் பயம். கடைசியில் 1998 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மரண தண்டனையைத் தவிர்த்தார். இதெல்லாம் கைதுக்குப் பிந்தைய கதை; படம் அதற்குள் போவதில்லை.

எஃப்.பி.ஐ. துரத்தலை எதிர்பார்த்து வந்தவர்களின் ஏமாற்றம் எளிதில் புரிகிறது. அந்தத் துரத்தல் வேண்டுமென்றால் பால் பெட்டானி காசின்ஸ்கியாக நடித்த 2017 தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. ஓர் அதிகாரியை மட்டும் நாயகனாக்கி நாடகத்தைக் கூட்டியிருப்பார்கள் என்றாலும் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. உங்கள் மூன்றாவது நண்பருக்கு அதைப் பரிந்துரையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். 2022-இல் பார்த்தவர்களின் பேச்சுக்கும் இன்று பார்ப்பவர்களின் பேச்சுக்கும் வித்தியாசம் தெரிகிறது. அன்று அவர் உயிரோடு சிறையில் இருந்தார். பேச்சு பெரும்பாலும் நடிப்பையும் ஒளிப்பதிவையும் பற்றியதாக இருந்தது. 2023-இல் அவர் இறந்தபோது அவருடைய மேற்கோள்கள் புதிதாகச் சுற்றத் தொடங்கின. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான இளைஞர், அந்த ஆண்டின் தொடக்கத்தில் காசின்ஸ்கியின் அறிக்கைக்கு இணையத்தில் மதிப்புரை எழுதியிருந்தது செய்தியானது. செயற்கை நுண்ணறிவு பற்றிய அச்சமும் இதோடு சேர்ந்துகொண்டது. இந்தச் சூழலில் முதன்முறையாகப் பார்க்கும் ஓர் இளைஞருக்குப் படத்தின் இரைச்சல் தன் வாழ்க்கையின் இரைச்சலாகக் கேட்பதில் வியப்பில்லை. அவருக்கு நான் படத்தைத் தடுக்க மாட்டேன். பார்த்து முடித்ததும் அந்த 1971 நாட்குறிப்பு வரியையும் 1985 குறிப்பையும் படிக்கச் சொல்வேன். இரண்டும் சில வரிகள்தான்.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பார்க்க வேண்டாம். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சத்தம் வரும்போது உங்கள் மனம் அவர் பக்கம் சாய்கிறது, எந்த வசனம் வரும்போது விலகுகிறது என்று கவனியுங்கள். நண்பர்கள் இருவரையும் கூடவே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. தொலைபேசிக் கூண்டுக் காட்சியில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.